மைலேஜுக்காகப் பல்சக்கரம் மாற்றலாமா? 100 சிசி வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறேன். போக முப்பது, வர முப்பது கிலோமீட்டர். வண்டி கார்புரேட்டர் காலத்து 100 சிசி, நான்கு கியர். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் லிட்டரையும் கிலோமீட்டரையும் டைரியில் எழுதிவைப்பது என் பழக்கம். அந்த டைரியைப் பார்த்தவர்கள் செயின் ஓடும் பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்), காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் பற்றிக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. சொந்த வண்டியில் கையை அழுக்காக்கிக்கொண்டவன், அவ்வளவுதான்.

இன்ஜின் பக்கம் இருக்கும் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் கொஞ்சம்தான் கூடும், அதுவும் எல்லோருக்கும் கூடாது. என் வண்டியில் லிட்டருக்கு 62 என்றிருந்தது 65, 66 என்று ஆனது. ஒரே சீரான வேகத்தில், தட்டையான சாலையில், ஒற்றை ஆளாகப் போகிறவருக்கு இது பலன் தரும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் வண்டி நான்காம் கியரில் ஓடும் நேரமே குறைவு. "பத்து கூடியது, பதினைந்து கூடியது" என்று சொல்பவரிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

வண்டியைத் தள்ள அதே பலம்தானே வேண்டும்? பல்லை மாற்றினால் பெட்ரோல் எப்படி மிச்சமாகும்?

நல்ல கேள்வி. வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் டயரின் உராய்வும் சேர்ந்து சுமார் 13 கிலோ எடைக்குச் சமமாகப் பின்னால் இழுக்கின்றன. அந்த இழுப்பை மீறி ஓட ஏறக்குறைய 3 குதிரைத்திறன் போதும். இன்ஜினோ 8 குதிரைத்திறன் வரை கொடுக்கக்கூடியது. ஆக, சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் தன் பலத்தில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. மீதியை அடக்கிவைப்பது கார்புரேட்டரில் இருக்கும் திராட்டில். அது காற்று வரும் வழியைப் பாதி மூடிவைத்துத்தான் பலத்தைக் குறைக்கிறது.

இளநீர் குடிக்கும் குழலை வாயில் வைத்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சிழுத்து ஓடிப்பாருங்கள். மூச்சிழுக்கவே பாதித் தெம்பு போய்விடும். பாதி மூடிய திராட்டிலுக்குப் பின்னால் பிஸ்டன் படும் பாடு அதுதான். பெரிய முன் பல்சக்கரம் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவான சுற்றுகள் சுற்றினால் போதும். ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கூடுதல் பலம் தர வேண்டியிருப்பதால் திராட்டிலை இன்னும் சற்றுத் திறப்பீர்கள். மூச்சுத்திணறல் குறையும். பிஸ்டன் உரசும் முறைகளும் குறையும். மிச்சமாவது இந்த இரண்டு வீண்செலவுகள் மட்டுமே. காற்றைக் கிழிக்கும் செலவில் ஒரு பைசாகூடக் குறையாது. அதனால்தான் பலன் சிறியது.

எத்தனை பல்லுக்கு எவ்வளவு மாற்றம்? கணக்கைச் சொல்ல முடியுமா?

பின் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முன்னால் 14, பின்னால் 42 என்றால் விகிதம் 3. முன்னால் 15 போட்டால் 2.8, அதாவது ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான மாற்றம். முன்னால் 14-ஐ அப்படியே வைத்துப் பின்னால் 40 போட்டால் 2.86, ஏறக்குறைய ஐந்து சதவீதம்.

நான்காம் கியரில் இன்ஜினிலிருந்து பின் டயர் வரை மொத்தக் குறைப்பு 10 மடங்கு (இன்ஜின் பத்துச் சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று) என்று கொண்டால், 18 அங்குல வீல் உள்ள வண்டி 50-இல் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 4,450 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். 15 பல் போட்டால் அது 4,150 ஆகும். முந்நூறு சுற்று குறைவு. காதுக்கே தெரியும், பழைய ஓசையைவிட ஒரு சுரம் கீழே கேட்கும்.

உங்கள் வண்டியில் எத்தனை பல் என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே எண்ணிவிடுங்கள். முன் பல்சக்கரத்தில் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். ஒரே பெயருள்ள வண்டியில்கூட ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை மாறியிருக்கலாம்.

முன்னால் மாற்றுவதா, பின்னால் மாற்றுவதா?

முன்னால் மாற்றுவது மலிவு, அரை மணி நேர வேலை. பின்னால் மாற்ற வீலைக் கழற்ற வேண்டும், ஆனால் மாற்றத்தின் அளவைப் பல் பல்லாகக் கட்டுப்படுத்தலாம். எனக்குப் பிடித்தது முன் பல்சக்கரம்தான். பெரிய முன் சக்கரத்தில் செயின் அவ்வளவு கூர்மையாக வளைய வேண்டியதில்லை, தேய்மானமும் குறையும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு பல் கூடினால் சக்கரத்தின் விட்டம் 4 மில்லிமீட்டர் கூடும், அதாவது சுற்றிலும் 2 மில்லிமீட்டர். சில இன்ஜின்களில் உறைக்கும் செயினுக்கும் நடுவில் அந்த இடம்கூட இருக்காது. மாட்டியபின் கையால் பின் வீலைச் சுற்றி, எங்காவது உரசும் ஓசை வருகிறதா என்று கேட்ட பிறகுதான் மூடியைப் போட வேண்டும். இரண்டு பல் கூட்ட ஆசைப்படாதீர்கள். 16 போட்டால் விகிதம் 2.63-க்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு நான்காம் கியர் இறக்கத்துக்கு மட்டும்தான் உதவும்.

செயினும் மாற்ற வேண்டுமா?

முன்னால் ஒரு பல் கூடினால் பின் அச்சு சுமார் 3 மில்லிமீட்டர் முன்னே வரும். அட்ஜஸ்டரில் அந்த இடம் இருந்தால் பழைய செயினே போதும். பின்னால் இரண்டு பல் குறைத்தால் அச்சு 6 மில்லிமீட்டர் பின்னே போகும். ஏற்கெனவே நீண்டுபோன செயின் என்றால் அட்ஜஸ்டர் கடைசிவரை போய் நிற்கும். தேய்ந்த செயினைப் புதுப் பல்சக்கரத்தில் போடுவது, பழைய புளித்த மாவில் புது மாவைக் கலப்பது போல. இரண்டும் கெடும். செயின் செட் மாற்றும் நேரம் வரும்வரை பொறுத்திருந்து, அப்போது முன் சக்கரத்தை மட்டும் ஒரு பல் கூட்டி வாங்குவதே சிக்கனம். அப்போது செலவும் தனியாகத் தெரியாது.

இழுவை குறைந்துவிடாதா?

குறையும். ஏழு சதவீதம் விகிதத்தைக் குறைத்தால் பின் வீலுக்குப் போகும் இழுவையும் ஒவ்வொரு கியரிலும் அதே ஏழு சதவீதம் குறையும். கிளம்பும்போது கிளட்சைக் கொஞ்சம் அதிக நேரம் வழுக்கவிட நேரும். இதெல்லாம் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

என்னைத் திணறடித்தது வேறொன்று. நான் 15 பல் மாட்டியது ஒரு மார்கழியில். பனிக்காலம், காற்றே இல்லாத சாலை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. டைரியில் எண்கள் ஏறின. ஆறு மாதம் கழித்து ஆனி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடுமலையைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். காலையில் நான் போவது மேற்கே, காற்றுக்கு நேர் எதிராக.

50-இல் போகும் வண்டியின் மேல் 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை வண்டி 70-இல் போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நான்காம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தும் வண்டி 45-க்கு மேல் போகவில்லை. மூன்றாம் கியருக்கு இறங்கினால் இன்ஜின் கதறியது. பழைய 14 பல்லில் இதே காற்றை நான்காம் கியரிலேயே தாண்டியிருக்கிறேன். அந்த ஆடி மாதத்தில் என் மைலேஜ் முந்தைய ஆண்டு ஆடியைவிடக் குறைவாகவே இருந்தது. ஒரே பல்சக்கரம் மார்கழியில் மிச்சம் தந்தது, ஆடியில் நஷ்டம் தந்தது.

எனவே இழுவை குறையுமா என்பதைவிட, உங்கள் சாலையில் நான்காம் கியர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பாருங்கள். வழக்கமாகப் போகும் வேகத்தில் நான்காம் கியரில் இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் மிச்சமிருக்கிறதென்றால் ஒரு பல் கூட்டலாம். இப்போதே அடிக்கடி மூன்றுக்கு இறங்குகிறீர்கள் என்றால் பல்லைத் தொடாதீர்கள்.

நான் வால்பாறை போய்வருகிறவன். எனக்கு?

வேண்டாம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கேள்வி மைலேஜ் அல்ல, இரண்டாம் கியர் ஏறுமா என்பது. பால் கேன், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கும், எப்போதும் பின்னால் ஆள் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

பல்சக்கரம் மாற்றியபின் மீட்டர் தப்பாகக் காட்டுமா?

முன் வீலிலிருந்து கேபிள் போகும் வண்டியில் ஒன்றும் ஆகாது. ஆனால் சில வண்டிகளில் வேகத்தைக் கணக்கிடும் சென்சார் கியர் பெட்டியில் இருக்கும். அதற்குப் பின்னால் நீங்கள் பல்லை மாற்றியது அதற்குத் தெரியாது. 15 பல் போட்டால் வண்டி 107 கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டர் 100 என்று எழுதும். மைலேஜ் கூடியிருந்தாலும் குறைந்ததுபோல் தோன்றும். இதன் மறுபக்கமும் உண்டு. இழுவைக்காகச் சின்ன முன் சக்கரம் போட்டவருக்கு மீட்டர் கூடுதலாக ஓடி, மைலேஜும் கூடியதாகக் காட்டும். அவர் ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிவார். பாவம், அவர் மேல் தவறில்லை.

மைலேஜை எப்படித்தான் சரியாக அளப்பது?

ஒரு லிட்டர் ஊற்றி, வண்டி நிற்கும்வரை ஓட்டிப்பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் எவ்வளவு இருந்தது, டேங்கின் மூலையில் எவ்வளவு தங்கியது என்பதெல்லாம் தெரியாத நிலையில், அந்த ஒரு லிட்டர் கணக்கு ஐந்து கிலோமீட்டர் இப்படியும் அப்படியும் ஆடும்.

டேங்கை நிரப்பி, மீண்டும் நிரப்பும்வரை ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுப்பதே நம்பகமானது. அதிலும் சில ஒழுங்குகள் வேண்டும். அதே பங்க், முடிந்தால் அதே பம்ப். வண்டி இரண்டு முறையும் நடு ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்ந்த டேங்கில் அரை லிட்டர்கூட வித்தியாசம் வரலாம். நிரப்புவது அதிகாலையிலோ இரவிலோ எப்போதும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் பத்து டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். ஒரு டேங்க் கணக்கை நம்பாதீர்கள், மூன்று டேங்க் சராசரியைப் பாருங்கள். மாற்றத்துக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. இடையில் வேறு எதையும் தொடக்கூடாது. பல்சக்கரம், புது ஆயில், புது பிளக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "பல்சக்கரத்தால் கூடியது" என்று சொல்வதில் பொருளில்லை.

மீட்டரே சரியா என்று பார்க்க, தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை போட்ட மைல்கற்கள் போதும். பத்துக் கல் தூரம் ஓட்டி மீட்டரோடு ஒப்பிடுங்கள். என் மீட்டர் பத்துக்கு 10.3 காட்டுகிறது. மூன்று சதவீத மைலேஜ் எனக்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கார்புரேட்டர் டியூனிங் செய்தால் எவ்வளவு கூடும்?

கார்புரேட்டர் கெட்டிருந்தால் நிறையக் கூடும். சரியாக இருந்தால் எதுவும் கூடாது, கெடுத்துவிட மட்டுமே முடியும். மைலேஜ் திடீரென்று விழுந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை சோக் பாதியில் நிற்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவை ஊசி கசிகிறதா, திராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி தேய்ந்திருக்கிறதா என்பவை. ஆண்டுக்கணக்கில் ஓடிய ஊசியும் அதன் துளையும் தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். எந்தத் திருகைத் திருகினாலும் அது சரியாகாது.

கார்புரேட்டரில் எந்த உறுப்பு எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும் லேசாகத் திறந்திருக்கும்போதும் ஸ்லோ ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோல் வரும் சின்னத் துளை) அதன் திருகும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை ஊசி. முழுக்கத் திறந்தால்தான் மெயின் ஜெட். 45, 50-இல் போகிறவரின் பெட்ரோல் பெரும்பாலும் ஊசியைத் தாண்டித்தான் போகிறது. பட்டறையில் திருப்பித் திருப்பித் திருகும் அந்தச் சின்னத் திருகுக்கு நெடுஞ்சாலை மைலேஜில் பங்கு மிகக் குறைவு.

இருந்தாலும் அதைச் சரியாக வைக்க வேண்டும். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். திருகை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். அழுத்தி முறுக்கினால் அதன் கூர்முனை போய்விடும். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து, கால் கால் சுற்றாக இருபக்கமும் நகர்த்தி, இன்ஜின் எங்கே அதிக வேகத்தில், சீராகச் சுற்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பின்னர் ஸ்லோ ஸ்பீடு திருகால் வேகத்தைக் குறையுங்கள். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் வெளியே எடுத்து வைத்துவிட்டு மைலேஜ் செட்டிங் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன மெயின் ஜெட் போட்டால் மைலேஜ் கூடும் என்று மெக்கானிக் சொல்கிறார்.

எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் கேட்டேன். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது முழுதாக எரியும் கணக்கு. பலம் அதிகம் கிடைப்பது 13-க்குப் பக்கத்தில், சிக்கனம் அதிகம் கிடைப்பது 15.5, 16-க்குப் பக்கத்தில். ஆகவே காற்று மிகுந்த கலவையில் சிக்கனம் உண்டு என்பது பொய்யல்ல. ஆனால் அப்படிப்பட்ட கலவை மெதுவாக எரியும், சூடு எக்ஸாஸ்ட் வால்வு வரை போகும். இலேசாகப் போகும்போது இன்ஜின் தாங்கும். முழு ஆக்சிலேட்டரில் தாங்காது. மெயின் ஜெட் வேலை செய்வதே முழு ஆக்சிலேட்டரில்தான்.

இப்போது இதை என் 15 பல்லோடும் ஆடிக் காற்றோடும் சேர்த்துப் பாருங்கள். எதிர்காற்றில் முப்பது கிலோமீட்டர் முழு ஆக்சிலேட்டர், உள்ளே சின்ன மெயின் ஜெட். மூன்றாவது வாரம் ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் பட்டென்று வெடித்தது. நான் பெருமையாகக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஆவணிக்கு முன் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிட்டது. இன்ஜின் தலையைக் கழற்றி வால்வு மாற்றிய செலவுக்கு ஓராண்டு மிச்சம் போதவில்லை. பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் இன்ஜினிடம் கூடுதல் ஆக்சிலேட்டர் கேட்கிறீர்கள் என்று பொருள். அப்போது பெட்ரோலையும் குறைக்கக்கூடாது. கம்பெனி போட்ட ஜெட்டை மாற்றாதீர்கள்.

ஊசியில் பல பள்ளங்கள் இருந்தால், கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றிப் பார்க்கலாம். ஊசி இறங்கும், கலவை மெலியும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வண்டி தயங்கினால் உடனே பழைய பள்ளத்துக்குத் திரும்புங்கள். பல வண்டிகளில் ஒரே பள்ளம்தான், அந்தத் தொல்லையே இல்லை.

பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்லலாமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். பீங்கான் வெளிர்ப் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம் அல்லது சூடு அதிகம். வழக்கமான வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும்.

என்னுடையது எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டி. அதில் என்ன டியூன் செய்வது?

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதிகள் வந்தபின் பெரும்பாலான வண்டிகள் எஃப்ஐ ஆகிவிட்டன. சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கலவையைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும். அதைவிட நன்றாக உங்களாலோ என்னாலோ செய்ய முடியாது. திராட்டில் பாடியைச் சுத்தமாக வைத்திருப்பதும், ஏர் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும் போதும். பல்சக்கரக் கணக்கு அதே கணக்குதான். ஆனால் சில எஃப்ஐ வண்டிகளில் கம்பெனியே விகிதத்தைக் குறைத்திருக்கலாம். அதில் முன் பல்லை மேலும் கூட்டினால் நான்காம் கியரில் இன்ஜின் நடுங்கும். வாரண்டியில் இருக்கும் வண்டியில் பல் மாற்றினால் கம்பெனி பிறகு கையை விரிக்கலாம்.

இ20 பெட்ரோல் வந்தபின் மைலேஜ் குறைந்துவிட்டது. பல்சக்கரத்தால் ஈடுகட்டலாமா?

எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் கலந்தால் கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆறு, ஏழு சதவீதம் ஆற்றல் குறையும். முன்பு போட்ட இ10-உடன் ஒப்பிட்டால் மூன்று, மூன்றரை சதவீதம். எனவே 62 கொடுத்த வண்டி 60 கொடுத்தால் அதில் வியப்பில்லை. 50 கொடுத்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, எத்தனாலைத் திட்டிக்கொண்டு அதைத் தேடாமல் விடாதீர்கள். இன்னொன்று, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகவே தேவை. பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டர் வண்டி இ20-இல் தானாகவே காற்று மிகுந்த கலவைக்கு நகர்ந்துவிடுகிறது. சின்ன ஜெட் போடக்கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

பல்சக்கரத்துக்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு, எல்லாம் ஏறக்குறைய இலவசம். நடு ஸ்டாண்டில் போட்டுப் பின் வீலைக் கையால் சுற்றுங்கள். இரண்டு சுற்றாவது தானாக ஓட வேண்டும். உடனே நின்றால் பின் பிரேக் உரசுகிறது. டிரம் பிரேக்கை இறுக்கி வைத்துத் தரும் பட்டறைகள் அதிகம், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று நாமும் மகிழ்வோம். முன் வீலையும் இதே மாதிரி பாருங்கள். டயர் காற்றைச் செயின் கவரிலோ பின் ஃபோர்க்கிலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வாரம் ஒருமுறை, வண்டி சூடாகும் முன் பிடியுங்கள். செயின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்ய வேண்டும். நரம்புபோல் இறுக்கினால் பெட்ரோலும் போகும், பேரிங்கும் போகும். கிளட்ச் லீவர் நுனியில் ஒரு விரல் அகலமாவது இலவச அசைவு இருக்கட்டும். டேப்பட் (வால்வு) இடைவெளியை இன்ஜின் ஆறியபின் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காதால் அல்ல.

ஆயில் விஷயத்தில், கையேடு 10டபிள்யூ30 என்று சொல்லும் வண்டியில் "நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான்" என்று கனமான ஆயிலை ஊற்றுகிறார்கள். கனமான ஆயிலைக் கலக்கிக்கொண்டே சுற்றவும் பெட்ரோல் செலவுதான். கார் ஆயில் வேண்டவே வேண்டாம், பைக்கின் கிளட்ச் ஆயிலுக்குள் நனைந்து ஓடுவது, வழுக்கிவிடும். அழகுக்காகப் பின்னால் அகல டயர் போட்டவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த வேகம் சிக்கனம்?

நான்காம் கியரில் நடுங்காமல் ஓடும் மிகக் குறைந்த வேகம். 100 சிசிக்கு அது 40-க்கும் 50-க்கும் நடுவில். முன்பு சொன்ன 13 கிலோ இழுப்பு 60-க்கு உரியது. 45-இல் அது 9 கிலோதான். அறுபதிலிருந்து நாற்பத்தைந்துக்கு இறங்குவதால் குறையும் இழுப்பில் நாலில் ஒரு பங்கைக்கூடப் பல்சக்கரத்தால் தர முடியாது. முப்பது கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்காத நாட்கள்தான் அதிகம், அதனால் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டேன்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா?

கூடாது. எஃப்ஐ வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை மூடினால், சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை பெட்ரோல் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஸ்லோவுக்குப் பெட்ரோல் போகும். கார்புரேட்டர் வண்டியில் நியூட்ரலில் துளி மிச்சமாகும், ஆனால் இன்ஜின் பிரேக் இல்லாமல் டிரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் துளி அது.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் சொட்டு மருந்து, இரிடியம் பிளக்?

காந்தமும் சொட்டு மருந்தும் விற்பவருக்கு மைலேஜ் தரும். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், அவ்வளவுதான்.

லிட்டருக்கு 100 கிடைக்க வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது பல்சக்கரத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்ற வடிவமைப்பாளர் 1980களில் மோட்டார் சைக்கிள்களுக்குச் சிக்கனப் போட்டி நடத்தினார். 1985-இல் வென்ற வண்டி ஒரு காலனுக்கு 470 மைல் கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சின்ன இன்ஜின், மீன் வடிவக் கூடு, ஆள் ஏறக்குறையப் படுத்தநிலை. கூட்டால் காற்றுத் தடை குறைந்த பிறகுதான் பெரிய முன் பல்சக்கரம் அவர்களுக்குப் பயன்பட்டது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டை படபடக்க, பின்னால் டிபன் பையைத் தொங்கவிட்டுப் போகிறவர்கள். எதிர்காற்றில் முழங்கையை ஒடுக்கிச் சற்றுக் குனிந்து பாருங்கள், வித்தியாசம் மீட்டரிலேயே தெரியும்.

கடைசியாக, பணம் மிஞ்சுமா?

என் கணக்கைச் சொல்கிறேன். நாளுக்கு 60 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள், 18,000 கிலோமீட்டர். 62 என்றால் 290 லிட்டர், 65.5 என்றால் 275 லிட்டர். மிச்சம் 15 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் 1,500 ரூபாய். பல்சக்கரத்தின் விலை சில நூறுதான், முதல் ஆண்டிலேயே வந்துவிடும். நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆண்டு மிச்சம் 250 ரூபாய். அவர் டயருக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

பழைய பல்சக்கரத்தைத் தூக்கிப்போடலாமா?

வேண்டாம், எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிவையுங்கள். வால்வு கருகிய ஆண்டுக்குப் பிறகு நான் ஆனி பிறந்ததும் 14-ஐ மாட்டுவேன், ஐப்பசி மழை தொடங்கும்போது 15-க்கு மாறுவேன். அரை மணி நேர வேலை. போன ஆண்டு சோம்பலில் மாற்றாமல் விட்டு, ஆடி முழுக்க மூன்றாம் கியரிலேயே பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தேன். டைரியில் அந்த மாதச் சராசரி 54.